உங்களுக்கும் கேட்குதா, டிரஸரய்யா?

மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் மனநலம் படித்தவன் அல்ல. ரப்பர் தோட்டத்து டிரஸர். புண்ணுக்கு மருந்து கட்டுவது, மலேரியாவுக்கு மாத்திரை கொடுப்பது, வாரம் ஒருமுறை வரும் டாக்டருக்கு முன்னால் நோயாளிகளை வரிசையாக உட்கார வைப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். இருந்தாலும் நாற்பது வருஷம் ஒரே வேலையைச் செய்தவன் வாயைத் திறந்தால் ஏதாவது உதிராமலா போகும் என்று நினைத்திருப்பார்கள். திறக்கிறேன். மூடுவதற்குத்தான் யாராவது ஆள் வைக்க வேண்டும்.

மனச்சிதைவு நோய் என்று இன்று நீங்கள் எழுதுகிறீர்கள். அன்று எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையில், அதற்கு வேறு பேர்கள் இருந்தன. முனி அடித்தது என்பார்கள். செய்வினை என்பார்கள். கள்ளு தலைக்கேறிவிட்டது என்பார்கள். இன்னொரு பேரும் இருந்தது, திமிர். இத்தனை பேர்களில் அதுதான் ரொம்ப ஆபத்தானது. முனி அடித்தவனுக்குப் பூசை போடுவார்கள், குடித்தவனைத் தூங்க வைப்பார்கள், திமிர் பிடித்தவனை அடிப்பார்கள். அப்படி அடி வாங்கிய ஒருவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மலாய் நாட்டில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. ஈஜோக் ஊரிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை. நடுவில் நாங்கள். சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி சோறு வேலிக்கு வெளியே போகக் கூடாது, போனால் அது காட்டுக்குப் போய்ச் சேருமாம். அதனால் எங்கள் சனம் வெறும் வயிற்றோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுத் திரும்பி வந்துதான் சாப்பிடும்.

இதற்கு மேல் ஒரு பேசும் கப்பல் வேறு. ஆகாயக் கப்பலில், அதாவது விமானத்தில், ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு காட்டோரமாகத் தாழப் பறப்பார்கள். சீனத்தில் ஒரு குரல், மலாயில் ஒரு குரல், கடைசியில் தமிழில் ஒரு குரல். காட்டில் இருக்கும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். வெளியே வா, சரணடை, உயிருக்கு உத்தரவாதம் என்று சொல்லும். ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் எங்கள் மண்டோருக்கு அந்தக் குரல் மேல் பொறாமை. “அவன் பேசினா காடே கேக்குது, நான் பேசினா பத்து பேரு கேக்க மாட்டேங்கறான்” என்று புலம்புவார். நாங்கள் சிரித்தோம். ஆனாலும் ஒன்றை மறக்காதீர்கள். வானத்திலிருந்து ஒரு குரல் மனிதர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று அந்தக் காலத்தில் ஒருவன் சொன்னால் அவன் பைத்தியம் அல்ல, உண்மையைத்தான் சொல்கிறான்.

அப்படிப்பட்ட நாளில்தான் அங்கமுத்து என் மருந்தகத்துக்கு வந்தான். வயது இருபத்தைந்துக்குள். மரத்துப் பட்டை நோகாமல் வெட்டுகிற கை என்று மண்டோரே மெச்சிய ஆள். அவன் மனைவி பாக்கியம் அப்போது முழுகாமல் இருந்தாள். இவன் காதைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பார்த்தால் இரண்டு காதிலும் ஒட்டுப்பால். மரத்தின் வெட்டுக்கோட்டில் வழிந்து காய்ந்து ரப்பராகிக் கிடக்குமே, அதை உருட்டித் திணித்திருந்தான். எண்ணெய் விட்டு இடுக்கியால் மெல்ல இழுத்தேன்.

“என்னடா இது?”

“ஒட்டுப்பாலுங்க.”

“அது தெரியுது. காதுல எதுக்குடா வெச்சே?”

“சத்தம் தாங்கலீங்க.”

கப்பல் சத்தம் தாங்கவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் அப்போது நிறைய. குழந்தை அலறுகிறது, மாடு பால் மறக்கிறது, தலை இடிக்கிறது. காதைத் துடைத்து, “போய்ட்டு வாடா, இனிமே பஞ்சு வை” என்று அனுப்பியிருக்கலாம். வாசலில் வேறு கூட்டம். ஆனால் அன்று மேகம் மூடிக் கிடந்ததால் கப்பல் வரவில்லை. வாய் சும்மா இருக்காமல் அதைக் கேட்டது.

“இன்னைக்குத்தான் கப்பல் வரலியேடா?”

“வரலீங்க. ஆனா பேசிக்கிட்டுத்தானே இருக்காங்க.”

“என்ன பேசறாங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தான். “உங்களுக்குத்தான் தெரியுமே, டிரஸரய்யா.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நோயாளி கேலி செய்தால் எவனுக்குத்தான் வராது? ஆனால் அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. கூச்சம் இருந்தது. துணி விலகியதை யாரோ பார்த்துவிட்டபோது ஒருவன் சிரிப்பானே, அந்த மாதிரி. நான் இடுக்கியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“எனக்குத் தெரியாதுடா. நீ சொல்லு.”

“ரெண்டு பேருங்க. ‘கத்திய எடுக்கறான் பாரு, மரத்துகிட்ட போறான் பாரு, இப்பப் பொண்டாட்டிய நெனைக்கறான் பாரு’ன்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் கேட்டுச் சிரிக்கறான்.”

“காதை அடைச்சா நிக்குதா?”

“இல்லீங்க. அடைச்சதுல உள்ள மாட்டிக்கிட்டாங்க போலருக்கு. அதான் எடுத்துவிடச் சொல்லி வந்தேன்.”

காது வலிக்கு வந்த ஆள் இல்லை இவன். குரல்களை வெளியே எடுத்துவிடச் சொல்லி வந்திருந்தான்.

எங்கள் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஒருவர் இருந்தார். காவல் வண்டி இல்லாமல், கார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தனியாகக் காட்டுச் சாலையில் வருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி திட்டாக இருக்கும். ஒருமுறை காய்ச்சலில் பிதற்றிய ஒரு பெண்ணைப் பைத்தியம் என்று லயத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். மலேரியா மூளைக்கு ஏறியிருந்தது. மருந்து கொடுத்துத் தெளிந்த பிறகு அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு. முதலில் காய்ச்சலைப் பார், அப்புறம் சம்சு சாராயம் குடித்தானா பார், தலையில் அடிபட்டதா பார், இதெல்லாம் இல்லையென்றால் என்ன கேட்கிறது என்று அவனிடமே கேள், பதில் வந்த பிறகு பேர் வைக்கலாம் என்றார். நாம் எல்லோரும் செய்வது தலைகீழ். பேரை வைத்துவிட்டுத்தான் ஆளைப் பார்க்கிறோம்.

அங்கமுத்துவுக்குக் காய்ச்சல் இல்லை. சம்சு வாடை இல்லை. கள்ளுக்கடைப் பக்கமே சில மாதமாகப் போவதில்லை என்றாள் பாக்கியம். அவளிடம் இருந்த வருத்தம் வேறு.

“எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. சோறு போடவான்னா ‘உனக்குத்தான் தெரியுமே’ங்கறாரு. புள்ளைக்கு என்ன பேரு வெக்கலாம்னா ‘உனக்குத்தான் தெரியுமே’. நான் என்ன குறிகாரியா? லயத்துல எல்லாம் இவருக்கு கர்வம் வந்துருச்சுன்னு பேசறாங்க.”

மண்டோரும் அதையேதான் சொன்னார். பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், பேரைச் சொன்னால் வாய் திறப்பதில்லையாம். “வந்திருக்கேன்னு நெனச்சேனே, கேக்கலியா” என்றானாம். பத்துப் பேருக்கு முன்னால் மண்டோரை இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? திமிர் என்று தீர்ப்பாகிவிட்டது.

எனக்கு அப்போது இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பேர் தெரியாது. ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது தெரிந்தது. தான் செய்கிற ஒவ்வொன்றையும் யாரோ கூடவே நின்று விவரிப்பது கேட்கிறது. தான் நினைப்பது வெளியே கசிந்து எல்லோருக்கும் போய்விடுகிறது என்று நம்புகிறான். போனபின் வாயைத் திறந்து எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் கணக்குப்படி அவன் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நாங்கள்தான் கேட்டுக்கொண்டே கேளாத மாதிரி நடிக்கிறோம். இப்படி ஊரே சேர்ந்து ஒருவனிடம் நடித்தால் அவன் எவ்வளவு தனியாக இருப்பான் என்று யோசித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூசாரி வந்தார். முனிதான், சந்தேகமே இல்லை, ஒரு கோழி கொடுத்தால் விலகும் என்றார். அவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். நோயாளியின் வீட்டில் நம்மைவிட அவருக்கு மரியாதை அதிகம். ஒன்றே ஒன்று கேட்டேன்.

“சாமி எறங்கிப் பேசினா யாருக்குக் கேக்கும் பூசாரி?”

“சுத்தி நிக்கிற எல்லாருக்குந்தான். அதுக்குத்தானே எறங்குது.”

“இவனுக்குக் கேக்கறது உமக்குக் கேக்குதா?”

அவர் தாடியைச் சொறிந்தார். “கேக்கல. சரி, ஆசுபத்திரிக்கும் போகட்டும். ஆனா கோழி கோழிதான்.”

கோழியை நான் தடுக்கவில்லை. டாக்டர் வந்து அவனோடு தனியாகப் பேசினார். வெளியே வந்து, நல்ல வேளை, ஆரம்பத்திலேயே வந்திருக்கிறான், இன்னும் பயப்படுகிறான் என்றார். பயப்படுவதில் என்ன நல்ல வேளை என்று எனக்கு விளங்கவில்லை. இது எனக்கு நடக்கக் கூடாதது என்று அவனுக்கே தெரிகிறவரை நம்மிடம் சொல்வான், நாள் போனால் குரல்களோடு சமாதானம் ஆகிவிடுவான், பிறகு நம்மிடம் சொல்ல மாட்டான் என்றார். வடக்கே பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு எழுதுகிறேன், அடுத்த தடவை வரும்போது என் காரிலேயே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவைக்குள் கப்பல் வந்துவிட்டது. இந்த முறை குரலோடு நோட்டீசும் விழுந்தது. இதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவனைச் சுட மாட்டோம் என்று மூன்று மொழியில் அச்சடித்த நோட்டீஸ். காற்றில் சில தோட்டத்துக்குள்ளேயே விழுந்தன. பிள்ளைகள் பட்டம் செய்தார்கள். அங்கமுத்து ஒன்றை எடுத்து மடித்து வைத்துக்கொண்டான். தனக்காகவே அச்சடித்துத் தான் பால் வெட்டும் இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை, பால் வெட்டுக்கு ஆட்கள் வாசலில் நிற்கும்போது, சோதனை முடிந்து முதல் ஆளாக வெளியே போயிருந்த அவன் மரங்களுக்குள்ளிருந்து நோட்டீசை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்து வந்தான். “நாந்தான். சரண்டர். என்னைத்தான் கூப்பிட்டாங்க” என்று கத்தினான். காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். விரல் விசையில் இருந்ததை மண்டோர் பார்த்திருக்கிறார். ஆனால் சுடவில்லை. அந்த மனிதர் இப்போது எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் போலீஸ் வண்டி வந்து அங்கமுத்துவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காட்டில் இருப்பவர்களுக்கு உதவியவன் என்று ஆகிவிட்டால் தடுப்புக் காவல். ஊரிலே, அதாவது இந்தியாவில், பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவன் என்றால் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கே அனுப்பியும் விடுவார்கள். அங்கமுத்து அப்படி வந்தவன்தான். அங்கே அவனுக்கு யாரும் இல்லை. குரல்களையும் கூட்டிக்கொண்டு, மருந்தில்லாமல், தெரியாத ஊரில் இறங்குவான். பாக்கியம் இங்கே பிள்ளையைப் பெறுவாள். அவ்வளவுதான், அந்தக் குடும்பம் முடிந்தது.

தோட்ட மேனேஜரான துரை என்னைக் கூப்பிட்டு, இது போலீஸ் விவகாரம், டிரஸருக்கு இதில் வேலையில்லை என்றார். பயம் எனக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சந்தேகப்பட்டவனுக்காகப் பேசப்போனவனையும் சந்தேகப்பட்ட காலம் அது. வீட்டில் எனக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். திரும்பி வந்தால் மருந்தக வாசலில் பாக்கியம் நிற்கிறாள். அழவில்லை.

“நீங்க வந்து அவருக்கு சீக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா பொண்டாட்டின்னு தள்ளிடுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

கேட்பார்களோ இல்லையோ, அவள் கேட்டுவிட்டாள். துரையிடம் மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பால் லோரியில் ஏறினோம். “சீக்கிரம் ஏறுங்க லா, அசாம் ஜாவாவுல நிறுத்தி சோதனை போடுறான்” என்று டிரைவர் அவசரப்படுத்தினார். சோதனையெல்லாம் முடிந்து அந்த வட்டாரத்துப் போலீஸ் நிலையம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பேர் வேண்டாம். எதிரே ஒரு நானா கடை, தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் டீக்கடை. பாக்கியத்தின் வயிற்றைப் பார்த்த கடைக்கார நானா, ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இங்க உக்காரும்மா. அங்கேருந்து யாரு வெளிய வந்தாலும் இந்த வழியாத்தான் வரணும்.”

இன்ஸ்பெக்டர் தமிழ் தெரிந்தவர். தூக்கம் இல்லாத கண். சரணடைந்த ஆள் கிடைத்தது மேலிடத்துக்குப் போய்விட்டது, அங்கிருந்து விவரம் கேட்டு விரட்டுகிறார்கள், இவனோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அங்கமுத்து சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

“நீர்தான் டிரஸரா? உம்ம தோட்டத்து ஆளுக்கு இருக்கிற திமிரைப் பாரும். காட்டுல யாரைப் பாத்தேன்னு கேட்டா, ‘உங்களுக்குத்தான் தெரியுமே’. சோறு யாரு குடுத்தான்னா, ‘உங்களுக்குத்தான் தெரியுமே’. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்யா கேக்கறேன்? ஒண்ணு வெச்சேன். அதுக்கும் சிரிக்கறான்.”

என் எதிரில் சொன்ன அதே வார்த்தை. மண்டோரிடம் சொன்னது, பாக்கியத்திடம் சொன்னது. இங்கே அதற்கு அடி விழுந்திருக்கிறது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? இவன் நோயாளி, இவனை அடிக்க உமக்கு வெட்கமில்லையா என்று கேட்பீர்களா? நியாயம்தான். நானும் கேட்டிருப்பேன், கேட்டிருந்தால் ஐந்தாவது நிமிஷம் தெருவில் நின்றிருப்பேன். ஐயா, உங்கள் எதிரிலேயே இரண்டு கேள்வி கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள் என்றேன். சரி, கேளும் என்று அவர் கையைக் காட்டினார்.

நான் தரையில் அங்கமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இப்பவும் பேசறாங்களாடா?”

தலையாட்டினான்.

“என்ன சொல்றாங்க?”

“‘டிரஸர் வந்துட்டான் பாரு. இவன் அவனப் பாக்கறான் பாரு. தண்ணி கேக்கப் போறான் பாரு’ங்கறான். மத்தவன் சிரிக்கறான்.”

அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு நிறுத்தினான். “குடிக்கறான் பாருங்கறான்” என்றான்.

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“ஐயா கேட்டதுக்கு ஏன்டா பதில் சொல்லல?”

“சொன்னேனுங்களே. நான் நெனைக்கறதை எல்லாம் கப்பல்ல வெளிய சொல்லிடறானே. தோட்டத்துக்கே தெரியும், சயாம் வரைக்கும் தெரியும். இவருக்கா தெரியாது?”

“அவருக்குத் தெரியாதுடா.”

“தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேக்கறாரு. கேட்டுட்டு அடிக்கறாரு.” குரல் உடைந்தது. “எதுக்கு அடிக்கறாருன்னுதான் எனக்குத் தெரியல.”

பிறகு இன்ஸ்பெக்டரே கேட்டார். முன்னே இருந்த குரல் இல்லை.

“இதுல யாரு யாருப்பா கூட்டு?”

“எல்லாருந்தாங்க. மண்டோரு, ஆபீஸ் கிராணி, துரை. துரை வீட்டு நாயி.”

“நானு?”

“நீங்க இல்லாமயா?”

என்னை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். சிகரெட்டை வாயில் வைத்தார், பற்றவைக்கவில்லை. “நடிக்கலாமில்லையா? சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கலாம்” என்றார். கேள்வி நியாயமானது. நடிக்கிறவன் எல்லோருக்கும் தெரிந்த பைத்தியத்தைத்தான் நடிப்பான் ஐயா, சட்டையைக் கிழிப்பான், பாட்டுப் பாடுவான், மண்ணைத் தின்பான், இப்படி ஒரு பைத்தியம் உண்டு என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது, நோட்டீஸ் விழுவதற்கு முன்பே இவன் காதில் ரப்பரை அடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான், டாக்டரும் பார்த்திருக்கிறார் என்றேன்.

அவர் நம்பினார் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நம்புவது வேறு, செய்வது வேறு.

“விட்டுட்டா என் தொப்பி போயிரும்யா.”

“விடச் சொல்லலீங்க. காவலோடவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. பெரிய டாக்டருங்க பாத்து நோய் இல்லைன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க.”

எதிராளி கொடுக்கக்கூடியதைக் கேட்க வேண்டும் பிள்ளைகளா. அவரால் விடுதலை கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரியைக் கொடுக்க முடியும். நோயாளி என்று எழுதி நீர் கையெழுத்துப் போடுவீரா என்று கேட்டார். நான் டிரஸர், என் கையெழுத்து எந்த மூலைக்கு? டாக்டருக்குப் போன் போட்டோம். மறுமுனையில் அவர் திட்டிய திட்டு வராந்தா வரைக்கும் கேட்டது. கடைசியில், நீ போடு, கீழே என் பேரையும் எழுது, நான் புறப்பட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். போட்டேன்.

டாக்டரும் வந்து கையெழுத்துப் போட்டார். வண்டியில் ஏற்றுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் அங்கமுத்துவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“தம்பி, இங்க பாரு. நீ நெனைக்கறது எனக்குக் கேக்கல. சத்தியமாக் கேக்கல. தெரியாமத்தான் அடிச்சுட்டேன்.”

அங்கமுத்து அவரையே பார்த்தான். நம்பவில்லை. நோய் அப்படி ஒரு வார்த்தையில் போகாது. ஆனால் அத்தனை நாளில் முதல் தடவையாக அழுதான். வண்டி நானா கடையைத் தாண்டும்போது பாக்கியம் எழுந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி அவளையும் ஏற்றிக்கொண்டார்.

நல்ல காலம், குரல்களை அடக்கும் புதிய மாத்திரை அந்த ஆண்டுகளில்தான் நம் நாட்டுக்கு வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சில மாதம் இருந்தான். நோய்தான் என்று அவர்கள் எழுதி அனுப்பிய பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். இதற்குள் பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. திரும்பி வந்தவன் கொஞ்சம் பருத்திருந்தான். நடை மெதுவாகிவிட்டது, கை லேசாக நடுங்கியது. பட்டை நோகாமல் வெட்டிய அந்தக் கை போய்விட்டதே என்று எனக்கு மனசு ஆறவில்லை. மண்டோர் அவனை லயத்துக்குப் பக்கத்திலேயே புல் வெட்டும் வேலையில் போட்டார். தன் வாயால் திமிர் என்று சொன்னதை அவர் பிறகு ஒருபோதும் பேசவில்லை. யாரும் நினைவூட்டவும் இல்லை.

அவன் வந்து கொஞ்ச நாளில் கப்பல் மறுபடியும் வந்தது. லயமே வெளியே வந்து நின்றது. ஆனால் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்கள். பாக்கியம் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நடந்து என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“டிரஸரய்யா, இது உங்களுக்கும் கேக்குதா?”

“கேக்குதுடா. எல்லாருக்கும் கேக்குது.”

“என்னங்க சொல்றான்?”

“காட்டுல இருக்கறவங்களை வெளிய வரச் சொல்றான்.”

“அப்ப சரி” என்றான். திரும்பிப் போய்ப் புல் வெட்டினான்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. என்னிடம் கேட்பான், பாக்கியத்திடம் கேட்பான். கேட்டால் கேட்கிறது என்போம், இல்லையென்றால் இல்லை என்போம். அவனைச் சமாதானப்படுத்த ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பிறகு வேறு இடங்களுக்கு மாற்றலாகிப் போனேன். பாசிர் பெனம்பாங் மீனவர் ஒருவர் படகு எஞ்சினுக்குள் ஆள் பேசுகிறது என்றார். இன்னொரு பெண் ரேடியோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்றாள். அந்தந்தக் காலத்தில் எது சத்தம் போடுகிறதோ அதற்குள் இந்த நோய் குடியேறிவிடும். நாளைக்கு உங்களிடம் வருகிறவனுக்கு எதற்குள்ளிருந்து கேட்குமோ, எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் மாறாது. என்ன பேசுகிறார்கள், யாரைப் பற்றி, நீ நினைப்பது வேறு யாருக்காவது போகிறதா? கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் உட்கார்ந்திருங்கள். முக்கியமாக, கோபம் வரும்போது உட்கார்ந்திருங்கள்.

நான் மாற்றலாகிப் போவதற்குச் சற்று முன்பு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவசரகாலம் முடிந்துவிட்டது. வேலியைப் பிரித்து முள்கம்பியைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். கப்பல் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் அங்கமுத்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தான். பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

“டிரஸரய்யா, கப்பலு கேக்குதுங்களா?”

நான் வெளியே போய் நின்று கேட்டேன். வெயில். மரங்களில் காற்றுக்கூட இல்லை.

“எனக்குக் கேக்கலடா.”

அவன் மகளை ஒருமுறை பார்த்தான். பெஞ்சிலிருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பயந்துதான் இருந்தான், உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்தக் கையை என் முன்னால் நீட்டினான்.

“அப்ப மறுபடியும் ஆரம்பிச்சிருச்சுங்க. முத்துறதுக்குள்ள டாக்டருக்குச் சொல்லிடுங்க.”